ஊன்றிய திருவடியும் நான்கு நொடியும்

தயாராக இருக்கும் ஒரு பொருளை இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்து, நான் நினைத்த நேரத்தில் காட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, பிழைப்பிலிருந்து வந்தது. கோவை சரவணம்பட்டியில் இணையப் பக்கங்கள் எழுதும் வேலை எனக்கு. மறைப்பதும் காட்டுவதும் அந்த வேலையில் பாதி.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதில் இருக்கும் பட்டன், வாழ்த்து, எச்சரிக்கை எல்லாம் பெரும்பாலும் ஒரே மூச்சில் உங்கள் போனுக்குள் இறங்கிவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் காட்டாதே என்று நான் எழுதிவைத்திருப்பேன். பிறகு ஜாவாஸ்கிரிப்டில் செட்டைம்அவுட் என்ற கட்டளையைக் கூப்பிடுவேன். அதற்கு இரண்டு சங்கதி சொன்னால் போதும்: என்ன செய்ய வேண்டும், எத்தனை மில்லிசெகண்ட் கழித்துச் செய்ய வேண்டும். 4000 என்று போட்டால் நான்கு நொடி. அந்த நான்கு நொடியும் பொருள் உங்கள் கைக்குள்தான் இருக்கிறது. உங்களுக்குத்தான் அது தெரியாது.

இந்தக் கட்டளையைப் பலவிதமாகப் பயன்படுத்துகிறோம். வந்தவர் கொஞ்சம் படித்து முடித்தபின் 'எங்கள் செய்திமடலுக்குப் பதிவு செய்யுங்கள்' என்று ஒரு பெட்டியை எழுப்பலாம். பக்கம் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் விழாமல் தலைப்பு, படம், பட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக மலரச் செய்யலாம். இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. என்னை உறுத்துவது வேறொன்று.

ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தோம். வயது, ஊர், வண்டி எண் கொடுத்தால் பிரீமியம் எவ்வளவு என்று சொல்லும் பக்கம். எங்கள் சர்வர் ஒரு நொடிக்குள் பதில் தந்துவிடும். அவர்கள் தரப்பிலிருந்து மீட்டிங்குக்கு வந்தவர் சொன்னார்: "இவ்வளவு வேகமா வந்தா ஜனங்க நம்ப மாட்டாங்க. நாலு செகண்ட் சுத்த விடுங்க. 'உங்களுக்கு ஏற்ற திட்டத்தைத் தேடுகிறோம்'னு போடுங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2011-இல் ரயன் ப்யூயல், மைக்கேல் நார்ட்டன் என்ற இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் பயணச்சீட்டு தேடும் தளம் போல ஒன்றைச் செய்து மக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தனக்காக வேலை நடப்பதைத் திரையில் காட்டியபடி தாமதமாக வந்த முடிவை, உடனே வந்த அதே முடிவைவிட மக்கள் உயர்வாக மதித்தார்கள். உழைப்பைக் கண்ணால் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த நான்கு நொடியில் எந்த உழைப்பும் நடக்கவில்லை. ஒரு சக்கரம் சுற்றுகிறது, அவ்வளவுதான். முடிவு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். உண்மை விளக்கம் நடந்தது. மெய்கண்டாரின் மாணாக்கர் திருவதிகை மனவாசகம் கடந்தார் எழுதிய சிறு நூல். நடராசர் திருமேனியில் ஐந்தொழிலும் எங்கெங்கே இருக்கிறது என்று அதில் வருகிறது. உடுக்கை ஏந்திய கையில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், தீ ஏந்திய கையில் அழித்தல், தூக்கிய திருவடியில் அருளல். முயலகன் மேல் ஊன்றிய திருவடியில் மறைத்தல்.

சிறு வயதிலிருந்து எத்தனையோ கோயில்களில் அந்தத் திருமேனியைப் பார்த்திருக்கிறேன். கண் எப்போதும் தூக்கிய காலுக்கே போகும். உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்பது மற்றக் கால் என்பதும், அதன் வேலை மறைப்பது என்பதும் வகுப்பில்தான் தெரிந்தது. மறைத்தலுக்குத் திரோதானம் என்று பெயர். சித்தாந்திகள் அதை மலங்களின், அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்குகளின், வரிசையில் வைத்து எண்ணுவதும் உண்டு. ஆனாலும் அது அருளின் இன்னொரு முகம்தான் என்பார்கள். உயிருக்கு உண்மையைப் பக்குவம் வருமுன்பே காட்டினால் தாங்காது, உலகத்தில் ஈடுபடாது, வினையை அனுபவித்துக் கழிக்காது. அதனால் இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உயிரை உலகத்தில் ஓடவிடுகிறான். பக்குவம் வந்ததும் மறைப்பு விலகும்.

அன்று வகுப்பு முடிந்து வெளியே வரும்போது எனக்கு ஒருவித நிம்மதியே வந்தது. தெய்வமே மறைத்து வைத்துக் காட்டுகிறது என்றால், நான்கு நொடி மறைப்பதில் என்ன வந்தது? காத்திருந்து பெறுவதற்கு மதிப்பு கூடத்தானே செய்கிறது? ஐயாவிடமே கேட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க தம்பி, நீங்க யாருடைய பக்குவத்துக்குக் காத்திருக்கறீங்க?" என்றார்.

பதில் என்னிடம் இல்லை. ஏனென்றால் டைமர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. என் வேலையைப் பற்றி அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன் என்று சொல்வேன்.

டைமரின் குணம் அறிந்தவர்களுக்கு இது புரியும். 4000 என்று நான் போடும்போது எதிரே இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. அவர் படித்து முடித்தாரா, படிக்கவே தெரியாதவரா, அவசரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாரா, எதுவும் தெரியாது. தன் கணக்கைக்கூட அது முழுதாகக் காப்பாற்றாது. நான் சொன்ன நேரத்துக்கு முன்னால் வராது என்பதுதான் உறுதி, அந்த நேரத்தில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. பிரவுசருக்குக் கையில் வேறு வேலை இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் இதைத் தொடும். பூஜ்யம் மில்லிசெகண்ட் என்று போட்டாலும் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். நீங்கள் வேறு டேபுக்குப் போய்விட்டால், பின்னால் கிடக்கும் பக்கத்தின் டைமர்களைப் பிரவுசர் நொடிக்கு ஒரு முறைக்கு மேல் எழுப்பாது. இன்னொரு விசித்திரம்: 214,74,83,647 மில்லிசெகண்டுக்கு மேல், அதாவது சுமார் 25 நாளுக்கு மேல் காத்திருக்கச் சொன்னால், எண் கொள்ளாமல் போய் அது அந்தக் கணமே ஓடிவிடும். மிக நீண்ட பொறுமையைக் கேட்டால் பொறுமையே இல்லாமல் நடந்துகொள்ளும் கருவி அது.

தொழிலில் கொஞ்சம் ஊறியவர்கள் இதனால்தான் இளையவர்களிடம் சொல்வார்கள்: டைமர் போட்டு ஊகிக்காதே, நடப்பதைக் கவனி. படம் இறங்க மூன்று நொடி ஆகும் என்று நீயாக முடிவு செய்து மூன்று நொடி கழித்துக் காட்டினால், கிராமத்தில் சிக்னல் இல்லாத போனில் படம் இல்லாத சட்டம்தான் தெரியும், நகரத்தில் இருப்பவர் வீணாகக் காத்திருப்பார். படம் இறங்கியதும் பிரவுசரே ஒரு சேதி அனுப்பும், அதைக் கேட்டுக் காட்டு. நாங்கள் இதை ஈவென்ட் என்போம். நேரத்தைப் பார்த்துச் செய்வதற்கும், நிகழ்ந்ததைக் கேட்டுச் செய்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது, இந்த வேலையைச் செய்த எவருக்கும் உடம்பிலேயே தெரியும்.

சித்தாந்தம் சொல்லும் மறைப்பு இரண்டாவது வகை. இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று அங்கே படி சொல்கிறார்கள். நல்வினையும் தீவினையும் உயிருக்கு ஒன்றுபோலத் தோன்ற வேண்டும், மலம் பழுக்க வேண்டும், அப்போது அருள் பதியும். இத்தனை வருடம், இத்தனை பிறவி என்று கணக்கு எங்கும் இல்லை. கடிகாரம் மறைப்பவனிடம் இல்லை. மறைக்கப்பட்டவனுடைய நிலை என்னவோ, அதுதான் கடிகாரம். காப்பீட்டுக்காரருக்காக நான் எழுதிய மறைப்பில் கடிகாரம் முழுக்க எங்கள் கையில் இருந்தது. அருளின் சாயல் அதில் ஒரு துளியும் இல்லை.

இரண்டாவது வேறுபாடும் அதே வகுப்பில் கிடைத்தது. உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவ மலத்தைப் புற இருளோடு வைத்துப் பேசுகிறார். அறையில் இருள் சூழ்ந்தால் பொருள் எதுவும் தெரியாது, ஆனால் இருள் இருக்கிறது என்பது தெரியும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. நான் மறைக்கப்பட்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் செய்துவிடும். இதை முதலில் கேட்டபோது என் மனதில் வந்தது அந்தச் சுற்றும் சக்கரம்தான். சர்வர் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கும்போது சுற்றும் சக்கரம் இருளைப் போன்றது, 'இன்னும் வரவில்லை, பொறுங்கள்' என்று தன்னைத் தெரிவித்துக்கொள்கிறது. வேலை முடிந்தபின்பும் சுற்றும் சக்கரம் ஆணவத்தின் வேலையைச் செய்கிறது. மறைத்திருப்பதையே மறைக்கிறது. மாறாக, வடலூரில் வள்ளலார் 1872-இல் அமைத்த சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள் உண்டு. தைப்பூசத்தன்று அத்தனையும் விலக்கிக் காட்டுகிறார்கள். அங்கே நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கும் தான் ஏமாற்றப்படுவதாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் திரை திரையாகவே தொங்குகிறது.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் வாடிக்கையாளரை மடக்கும் 13 வகை வழிகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. 'இன்னும் இரண்டுதான் இருக்கிறது', 'பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்னும் பொய் அவசரம் அதில் இருக்கிறது. பொய்த் தாமதமும் அதன் உடன்பிறப்பு என்பது என் எண்ணம். ஒன்று இல்லாத நெருக்கடியைக் காட்டுகிறது, மற்றது இல்லாத உழைப்பைக் காட்டுகிறது.

தாமதமாக வரும் பொருள் வேறு விதத்திலும் காயப்படுத்தும். என் பெரியம்மா பொங்கலூரில் இருக்கிறார். கரன்ட் பில் தானே போனில் கட்டுகிறார், அதில் அவருக்குப் பெருமை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்தார். 'கட்டு' பட்டன் எங்கே என்று தேடினார். வலது கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பட்டனுக்கு மேலே கொண்டுபோய், ஒரு முறை தொகையைச் சரிபார்த்து, விரலை இறக்கினார். விரல் இறங்கும் அந்தக் கணத்தில், யாரோ வைத்த டைமர் முடிந்து மேலே ஒரு கடன் விளம்பரம் விரிந்தது. பட்டன் கீழே நகர்ந்தது. விரல் விளம்பரத்தில் விழுந்தது. "வாரதுக்கு முன்னாடி ஒரு சத்தங் குடுத்துட்டு வரக்கூடாதா கண்ணு இது?" என்றார். கூகுள் இந்த நகர்வை அளந்து மதிப்பெண் போடுகிறது, 0.1-க்குள் இருந்தால் நல்ல பக்கம். பெரியம்மாவுக்குத் தன் விரல் நடுங்கிவிட்டது என்றே எண்ணம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தின் பிழையை முதியவர்கள் தங்கள் உடம்பின் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் பார்வையற்ற நண்பர் ஒருவர் பக்கங்களைச் சோதித்துத் தருகிறார். ஸ்கிரீன் ரீடர் வாசிக்க வாசிக்கக் கேட்டுப் போவார். நாங்கள் ஒரு பொருளை முழுக்க ஒளி ஊடுருவுவதாக, அதாவது கண்ணுக்கு இல்லாததாக மட்டும் செய்து டைமர் போட்டிருந்தால், அவருக்கு அது முதலிலேயே கேட்டுவிடும். கண்ணுள்ளவர்கள் காத்திருக்க, அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். வேறு விதமாக மறைத்திருந்தால் நேர்மாறு: பொருள் பின்னால் வந்து நிற்கும், ஆனால் அவர் ஏற்கெனவே அந்த இடத்தைக் கடந்திருப்பார். வந்ததை அறிவிக்கும்படி நாங்கள் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, அது வந்ததே அவருக்குத் தெரியாது. ஒரே டைமர் ஒருவருக்குத் திரையே இல்லை, இன்னொருவருக்குச் சுவர்.

இதெல்லாம் நொடிக்கணக்குத் தாமதம், பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றலாம். இதே கேள்வி உயிர் விஷயத்திலும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ரத்தம், பயாப்சி, ஸ்கேன் முடிவுகளை நோயாளி தன் போனிலேயே பார்க்கலாம். முன்பெல்லாம் பல மருத்துவமனைகள் புற்றுநோய் போன்ற முடிவுகளைச் சில நாள் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் காட்டும்படி அமைத்திருந்தன. மருத்துவர் முதலில் பேசட்டும், நோயாளி தனியாக இருக்கும்போது அந்தச் சொல்லைப் படிக்க வேண்டாம் என்ற அக்கறை. 2021 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்த விதி, சில விலக்குகள் நீங்கலாக, அந்த நிறுத்தலுக்கு முடிவு கட்டியது. பிறகு 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கேட்ட ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பானாலும் முடிவு உடனே வேண்டும் என்றவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். கவலை கூடியவர்கள் அதில் இருந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் உடனே வேண்டும் என்றார்கள்.

இது என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. இங்கே மறைப்பவர் காப்பீடு விற்பவர் அல்ல. நல்ல மனத்தோடு, எதிரில் இருப்பவர் தாங்குவாரா என்று கேட்டு மறைக்கிறார். திரோதானத்துக்கு மனித வேலைகளில் இதைவிட நெருக்கமானது எனக்குத் தெரியவில்லை. அப்படியும் அது நிற்கவில்லை. என் கருத்து இது: பக்குவத்தை அறிந்து மறைக்க, மறைக்கப்படும் உயிருக்குள்ளேயே நிற்பவனால்தான் முடியும். இறைவன் உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்று சித்தாந்தம் சொல்வதால்தான் அங்கே மறைப்பு அருளாகிறது. வெளியே நிற்பவன், எவ்வளவு நல்லவனானாலும், ஊகிக்கிறான். சில நாள் என்று மருத்துவமனை போட்டதும் நான்கு நொடி என்று நான் போட்டதும் அந்த வகையில் ஒன்றே. ஊகத்தை அருள் என்று பெயர் மாற்றி வைக்கக் கூடாது.

அப்படியானால் மனிதர் வைக்கும் தாமதம் எல்லாமே தவறா? இல்லை. ஜிமெயிலில் கடிதத்தை அனுப்பியபின் 'ரத்து செய்' என்று சில நொடி ஒரு பட்டன் நிற்கும். 5, 10, 20, 30 நொடி என்று நாமே வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அந்த நொடிகளில் கடிதம் போகவே இல்லை, ஒரு டைமர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கோபத்தில் மேலதிகாரிக்கு எழுதிய கடிதம், தவறான பெயருக்குப் போகவிருந்த சம்பளப் பட்டியல், எத்தனை எத்தனை அந்த இடைவெளியில் திரும்பி வந்திருக்கும்! தாமதம் யாருக்காகவோ அவர் கையிலேயே அதன் அளவும் இருக்கிறது, அதை முடிக்கும் பட்டனும் இருக்கிறது. இதை எழுதிய கைகளை நான் மனதாரக் கும்பிடுவேன்.

ஆனால் என் வாதத்துக்குப் பெரிய இடைஞ்சல் ஒன்று பெரிய புராணத்திலேயே இருக்கிறது. ஐயாதான் அதை எடுத்துப் போட்டார். திருமறைக்காட்டில், இன்றைய வேதாரண்யத்தில், வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவு. சம்பந்தர் கேட்டுக்கொள்ள, திறக்கும்படி அப்பர் பாடுகிறார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, பத்துப் பாட்டாயிற்று. கதவு அசையவில்லை. பதினோராம் பாட்டில் இரக்கமே இல்லையா என்று கேட்டுவிடுகிறார். அப்போதுதான் திறக்கிறது. பிறகு அடைப்பதற்குச் சம்பந்தர் பாட, முதல் பாட்டிலேயே அடைந்துகொண்டது. தாமதத்துக்கு மரபு சொல்லும் காரணம், அப்பர் பாட்டின் சுவையை இறைவன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது. "இங்கே யாருடைய பக்குவம் தம்பி? அப்பருக்குப் பக்குவம் போதலையா?" என்று ஐயா என்னையே திருப்பிக் கேட்டார்.

முதுமையை எட்டிய, உழவாரம் பிடித்துத் தேய்ந்த கைகளோடு ஒருவர் மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறார் என்று நினைத்துப் பார்த்தால், சுவைக்காகத் தாமதித்தார் என்ற விளக்கம் எனக்கு ஆறுதலாக இல்லை. அப்பருக்கும் ஆறுதலாக இருந்ததாகப் புராணம் சொல்லவில்லை. நான் பாடி அரிதில் திறந்தது, அவர் பாட எளிதில் அடைந்துகொண்டதே என்று வருந்தி மடத்தில் போய்க் கிடக்கிறார். இறைவன் தோன்றி வாய்மூருக்கு வா என்கிறார். பின்னாலேயே போகிறார், எட்டவில்லை. பொன்மயமாக ஒரு கோயில் தெரிகிறது, மறைகிறது. மறைப்புக்கு மேல் மறைப்பு.

இருந்தும் இந்தக் கதை என் வாதத்துக்குப் பக்கபலமாகவே நிற்கிறது என்று ஐயாவிடம் சொன்னேன். அங்கே காத்திருப்பவருக்கு வாய் இருக்கிறது. அவர் கேட்கிறார், கடிந்துகொள்கிறார், கதவின் அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது. புகார் சொன்ன பாட்டுக்குத்தான் கதவு திறந்தது. வாய்மூரிலும் அப்பர் வாயை மூடிக்கொள்ளவில்லை. எனக்கு மறைக்கலாம், பாடி அடைப்பித்த இவர் வந்து நிற்கிறாரே, இவருக்கும் மறைப்பதா என்று சம்பந்தரைக் காட்டிக் கேட்கிறார். காட்சி சம்பந்தருக்குக் கிடைக்கிறது. சம்பந்தர் அதை அப்பருக்குக் காட்டுகிறார். காத்திருப்பவர் இன்னொருவர் பொருட்டும் வாதாட முடிந்த மறைப்பு அது. நான் எழுதும் டைமருக்குக் காது இல்லை. பெரியம்மா அதனிடம் சொன்ன வார்த்தை போனின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது.

ஐயா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி காரியத்தையும் கம்பெனி காரியத்தையும் ஒரே தராசுல வெக்கறீங்க" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஊன்றிய திருவடியை எனக்குக் காட்டிக் கொடுத்ததே அவர்தான், இனி அதைக் காணாதது போல் கோட் எழுத என்னால் ஆகாது.

காப்பீட்டுப் பக்கம் இன்னும் முடியவில்லை. அடுத்த மீட்டிங்கில், சர்வர் பதில் தந்த உடனே தொகையைக் காட்டலாம் என்று மறுபடியும் கேட்கப்போகிறேன். வேலை நடந்தது தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பமானால், எத்தனை திட்டங்களைப் பார்த்தோம், எவற்றை ஏன் விட்டோம் என்பதைத் தொகைக்குக் கீழேயே எழுதிவைக்கலாம். விரும்பியவர் விரும்பிய நேரம் நின்று படிப்பார். அதற்கும் சம்மதிக்காமல் நான்கு நொடி வேண்டும் என்றே நின்றால், சக்கரத்துக்குப் பக்கத்தில் 'இப்போதே காட்டு' என்று ஒரு பட்டன் வைக்கச் சொல்வேன். பெரியம்மாவின் கட்டைவிரல் அகலத்துக்கு, அது வந்த இடத்தை விட்டு நகராதபடி.